ஒரு வீடு, இரண்டு புரோக்கர்

பின்வாசல் நிலையில் நெற்றி ‘ணங்’கென்று இடித்தும் புரோக்கரின் சிரிப்பு கலையவில்லை.

“கேட்டீங்களா சார் சத்தத்தை? இது மரமில்ல, இரும்பு! இப்ப காசைக் கொட்டினாலும் கிடைக்காது” என்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. ஆள் வருவதற்கு அரை நிமிடம் முன்பே வாசனை வந்துவிட்டதால், கணவனும் மனைவியும் அவருக்கு மனசுக்குள் சென்ட்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மனைவியின் கையில் ஒரு நோட்டு. நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் சென்ட்காரர், அந்தப் பக்கம் மாலையில் வரப்போகிற இன்னொரு புரோக்கர். ஒரே வீட்டை இரண்டு பேரோடும் தனித்தனியாகப் பார்ப்பது அவளுடைய யோசனைதான். “வீடு எங்க ஓடிடப் போகுது? மொதல்ல ஆளைப் பாப்போம்” என்றிருந்தாள்.

காரணம் இருந்தது. முன்பு ஒரு புரோக்கரின் வாய்ப்பந்தலுக்குக் கீழே நின்று மயங்கி வீடு வாங்கி, எட்டு வருடம் மழைக்கு மழை பக்கெட்டோடு குடித்தனம் நடத்தியவர்கள். நாலு மாதமாக அவளுடைய அண்ணன் வீட்டில் ஓர் அறையில் ஒண்டியிருக்கிறார்கள். அண்ணி கேட்கும் ‘சாப்பிட்டாச்சா’வில் நாளுக்கு நாள் சுருதி இறங்கிக்கொண்டு வந்தது.

“இன்னொரு தடவை ஏமாந்தோம்னா அந்தப் பக்கெட்டுக்குள்ளதான் நாம குடியிருக்கணும்” என்று காலையில்கூடச் சொல்லித்தான் கிளம்பினாள்.

படுக்கையறைக் கூரையில் பெரிய கறை ஒன்று இருந்தது. யாரும் இன்னும் கால் வைக்காத ஒரு தீவின் வரைபடம் மாதிரி, ஓரமெல்லாம் நெளிந்து, பழுப்பாக.

“இது என்ன சார்?”

“டிசைன் மேடம்! வேணும்னே அப்படித் தேய்ச்சு விடறது. இப்ப இதுதான் பேஷன்.”

“மழை பெய்ஞ்சா ஒழுகாதே?”

“வானமே ஒழுகினாலும் இந்த வீடு ஒழுகாது.”

கணவன் மெல்லக் கேட்டான். “ஓனர் எப்படி?”

“தங்கமான மனுஷன்! இருபது வருஷப் பழக்கம். என்னைக் கேக்காம ஒரு சட்டைகூட எடுக்க மாட்டாரு.”

மனைவி எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

மாலையில் வந்தவர் ஓர் அம்மா. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் கையில் நீளமான குடை. எதற்கு என்று உள்ளே போனதும் தெரிந்தது. குடை நுனியால் சுவரைத் தட்டி, டாக்டர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி, காது கொடுத்துக் கேட்டார்.

“உள்ள ஈரம் ஊறியிருக்கு. மேல பூசி மறைச்சிருக்காங்க.” கூரையை நிமிர்ந்து பார்த்தார். “இது நல்ல ஒழுகல். இன்னைக்கு நேத்து ஒழுகல் இல்லம்மா, பல வருஷத்து ஒழுகல்.”

“ஓனரைத் தெரியுமா உங்களுக்கு?”

“எங்க! கண்ணால பாத்ததில்ல. அவருக்கு மச்சானாம், ஒருத்தர் போன்ல பேசினாரு. சாவி எதிர்க்கடை டெய்லர்கிட்ட இருக்கும், எடுத்துக்கோங்கன்னாரு. அவ்வளவுதான்.”

பின்பக்கம் பார்க்கக் கணவன் முன்னால் நடந்தான். குடையம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, குழாயில் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டே போனான்.

“பாத்து சார், அங்க நிலை...”

அவர் முடிப்பதற்குள், திரும்பிய முகம் திரும்பியபடியே, தலையைச் சாய்த்து வெளியே போய்விட்டான்.

“நல்லவேளை” என்ற குடையம்மா, கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மனைவியிடம் வந்தார். “உள்ளதைச் சொல்லிடறேன்மா. இது முடிஞ்சா எனக்குக் கமிஷன் வரும். ஆனா உங்களுக்கு இந்த வீடு வேணாம்.”

“பொழைக்கத் தெரியாதவங்களா இருக்கீங்களே?”

“நல்லாத் தெரியும். இதை உங்க தலையில கட்டிட்டா, உங்க சொந்தக்காரங்க ஒருத்தராவது எனக்குப் போன் பண்ணுவாங்களா?”

குடையைத் தட்டிக்கொண்டே அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நோட்டை மூடினாள்.

“நமக்கு வீடு பாக்கறதுன்னா இந்த அம்மாதான். பேச்சே இல்ல.”

“அப்ப காலைல வந்தவரு?”

“ஐயோ, அவரை விட்டுடாதீங்க! இந்த வீட்டை முடிக்க அவரை விட்டா வேற ஆள் கிடைக்குமா? போனைப் போடுங்க மொதல்ல.”

பின்வாசல் நிலையில் சாய்ந்தபடி கணவன் போன் போட்டான்.

“சார், காலைல ஒரு வீடு பாத்தோமே... உங்க மூலமாவே முடிச்சுடலாம்னு இருக்கோம்.”

“அப்படிப் போடுங்க! பாத்ததுமே நெனச்சேன் சார், இது உங்களுக்குன்னே கட்டின வீடுன்னு!” சென்ட்காரரின் குரல் போனைத் தாண்டி மணந்தது. “கட் பண்ணுங்க, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுக் கூப்பிடறேன். என் பேச்சைத் தட்ட மாட்டாரு.”

கணவன் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“சொல்லுங்க சார், ஓனர்தான் பேசறேன்.”