ஏழு நாள் சராசரி

"கால்குலேட்டர்ல தட்டியிருந்தா இந்நேரம்…" "நீங்கதானே அண்ணி, கோடிங் பழகுறவ இதையே போட்டுப் பழகுன்னு…" இரண்டு குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. எட்டு மாத வயிறு மேசையில் இடிக்காமல் சாய்ந்து உட்கார்ந்து, அண்ணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்புகிறாள். அவளுடைய ரத்த அழுத்தத்தை நாத்தனார்தான் ஒரு வாரமாக, சராசரி பார்க்கத் தானே எழுதிய நிரலில் நாளுக்கொரு பதிவாக ஏற்றி வந்திருக்கிறாள். சராசரி நூற்று நாற்பதைத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவமனையில் சேர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திரையிலோ இருபது இலக்கத்துக்கு ஓர் எண் நீண்டு கிடக்கிறது. "இவ்வளவு அழுத்தம் இருந்தா நான் வெடிச்சு நாலு தெரு தள்ளி விழுந்திருக்கணும்," என்கிறாள் அண்ணி. நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணியின் கையில் அழுத்தமானியின் பட்டை பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது. "ஒவ்வொரு எண்ணுக்கும் எதுக்குடி மேற்கோள்குறி?" "முக்கியமான எண்ணாச்சே, பத்திரமா இருக்கட்டும்னு போட்டேன்." "அதுக்குள்ள போட்டா கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து. கூட்டாது, ஒண்ணு பின்னால ஒண்ணா ஒட்டி வைக்கும்." அண்ணியின் விரல் குறிகளை ஒவ்வொன்றாக அழிக்கிறது. ஜன்னல் வெயில் விசைப்பலகையில் விழுந்து கிடக்க, அந்த டக் டக் மட்டுமே அறையில் கேட்கிறது. பதினான்காவது குறியும் போனதும் நிரலை மறுபடி ஓட்டுகிறாள். நீள எண் சுருங்கி மூன்றே இலக்கமாக நிற்கிறது: 147. அண்ணியின் கை விசையிலிருந்து இறங்கி, வயிற்றின் மேல் வந்து படிகிறது. "நான் எழுதினதுதானே அண்ணி," என்கிறாள் நாத்தனார், "இன்னும் எங்கேயாவது தப்பு இருக்கும், நல்லாப் பாருங்க."