தணிகாசலத்தின் கார் ஷெட்

தணிகாசலம் வீட்டு ஷெட்டில் ஒரு காரும் ஒரு சைக்கிளும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் இருந்தன.

“நேத்து சிக்னல்ல தன் பக்கம் சிவப்பு விழுந்த பிறகும் ஒரு சைக்கிள் என் குறுக்கே பூந்துச்சு. இவங்களுக்கெல்லாம் சட்டமே கிடையாதான்னு நம்ம ஐயா கத்தினார்” என்றது கார்.

சைக்கிளுக்கு ஆச்சரியமாக இருந்தது. “சிக்னல் காருக்குத்தான்னு சொல்லி, என்னைத் தினமும் சிவப்புலதானே ஓட்டுறார்? நடக்கிறவங்க குறுக்கே வந்தாத்தான் அவருக்கு ஆகாது. மணியடிச்சே விரட்டுவார்.”

“என்னைப் போட்டுக்கிட்டா நினைச்ச இடத்துல ரோட்டைக் கடப்பார்” என்றது செருப்பு. “போன வாரம் ஒரு கார் இடிக்க வந்துச்சு. ஓடினதுல என் வார் அறுந்துபோய், இப்ப ஊக்குல நிக்குது. நடக்கிறவனுக்கு வழிவிடத் தெரியாதான்னு அந்தக் கார்க்காரனை ஒரு பிடி பிடிச்சார்.”

வீட்டுக்குள் கார்ச் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது.

“போயிட்டு வா” என்று காரிடம் சொன்னது செருப்பு. “இன்னைக்கு நியாயம் உன் பக்கம்.”