சுண்ணாம்பு டப்பா

மூவார் ஊர்ப் பள்ளியில் ரசாயனப் பாடத்துக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பா, இன்று மதியம் வழித்தெடுத்தாற்போல் காலி. தலைமையாசிரியர் பிரம்போடு வகுப்புக்குள் வந்துவிட்டார்.

"டப்பாவுக்குப் பொறுப்பு சுப்ஹான்தானே? நீட்டுடா கையை!"

"நான் எடுக்கல சார். மஞ்சத்தண்ணி ஊத்திப் பாருங்க. சுண்ணாம்பு பட்ட கைன்னா சிவந்திரும். நேத்துதான் வாத்தியார் நடத்துனாரு."

அந்தப் பாடத்தை நடத்திய வைத்திலிங்கம் வாத்தியார் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அது எப்பவும் பலிக்காது சார்," என்று மழுப்பினார்.

தலைமையாசிரியர் விடவில்லை. நேற்றுக் கரைத்த மஞ்சள் தண்ணீர் மேசையிலேயே இருந்தது. சுப்ஹானின் கை சிவக்கவில்லை. மற்றப் பையன்களின் கையும் சிவக்கவில்லை.

"நீங்களும் நீட்டுங்க, வாத்தியாரே."

மதியம் வெற்றிலைக்காக டப்பாவை வழித்த விரலை, வாத்தியார் மெல்ல நீட்டினார்.

"சிவந்திருச்சு சார்!" என்று துள்ளினான் சுப்ஹான். "நீங்க நடத்துன பாடம் சரிதான்!"