டிஸ்ட்ரிபியூட்டர் தேர்வு

ஒர்க்‌ஷாப்பில் காலியாக இருந்த ஒரே வேலைக்கு நானும் ஒரு தாடிக்காரனும் வந்திருந்தோம். இதுவும் போனால் நான் மாமா கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்.

தேர்வு சுலபம். இன்ஜின் மாற்றிய காரில், பிளக்குகளுக்கு நேரம் பார்த்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டி, வண்டியைக் கிளப்ப வேண்டும்.

ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றினேன். காற்று விரலைத் தள்ள, பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகே பிளக்கையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

"சபாஷ்" என்ற முதலாளி, அதைக் கழற்றிவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

தாடிக்காரன் விரலெல்லாம் வைக்கவில்லை. அரைச் சுற்று தள்ளி மாட்டினான். கார் 'படார்' என்று வெடித்துப் புகை கக்கியது.

"என்னப்பா இது?"

"புது இன்ஜின் சார், இந்த வண்டியோட இன்னும் பழகல. ரெண்டு நாள் விட்டுப் பிடிங்க, பூ மாதிரி ஓடும்."

முதலாளி என்னிடம் திரும்பினார். "நீயா இருந்தா என்ன சொல்லுவ?"

"தப்பா மாட்டிட்டேன்னு சொல்லுவேன், சார்."

வேலை அவனுக்குக் கிடைத்தது.

"சார், சரியா மாட்டினது நான்தானே?"

"தம்பி, தப்பா மாட்டுறதுக்கு உள்ளே ஆறு பேர் இருக்காங்க. வாசல்ல நின்னு வண்டிக்காரங்களுக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு."