கூழைக்கடா கேட்ட அமைதி

ஏரிக்கரையில் கூடு கட்ட வைக்கோல் பொறுக்கிக்கொண்டிருந்தான் சொக்கி என்ற காக்கையின் தம்பி. அவனைப் பார்த்து ஒரு கொக்கு "திருடன்" என்று அலறியது. காவலுக்கு இருந்த பருந்து பறந்து வந்தது. விசாரிக்கவெல்லாம் இல்லை, ஒரே கொத்து. தம்பி செத்துப்போனான்.

காக்கைகளின் வழக்கம் தெரிந்ததுதானே. ஒன்று செத்தால் ஊரே கூடிக் கத்தும். அந்த அமளியில் கொக்குகளின் கூடு இரண்டு கீழே விழுந்தது.

உடனே ஏரிப் பறவைகளின் தலைவர் கூழைக்கடா பாறைமேல் ஏறினார். கொக்குகளின் ஓட்டில் ஜெயித்தவர். விழுந்த கூடுகளைப் பற்றி அரைமணி நேரம் தொண்டை தழுதழுக்கப் பேசினார். செத்தவனைப் பற்றிப் பேச நேரமில்லை. "எனக்கு வேண்டியது அமைதி" என்று முடித்தார்.

சொக்கிக்கு அழுகையை முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது.

"எங்களுக்கும் அதேதாங்க தலைவரே. ஆனா எந்த அமைதின்னு சொல்லிடுங்க. நிம்மதியா இருக்கிறதா, வாயை மூடிக்கிறதா?"

"முதலில் வாயை மூடுங்கள். நிம்மதி தானாக வரும்."

"சரிங்க. அவர் மூடினதும் நாங்க மூடிக்கிறோம்" என்று பருந்தைக் காட்டினாள்.

எல்லாரும் திரும்பினார்கள். பருந்து அலகைத் திறந்தபடி தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அலகில் இன்னும் ஒரு கறுப்பு இறகு ஒட்டியிருந்தது.

கூழைக்கடா அந்த அலகைப் பார்த்தார். பிறகு, பை தொங்கும் தன் பெரிய வாயை மெதுவாக மூடிக்கொண்டார்.

அன்றைக்கு அந்த ஏரியில் அமைதியானவர் அவர் ஒருவர்தான்.