நேரத்துக்கு வராத மீன்

"பிள்ளை பெத்த அலுப்பும்மா. பிரஷரெல்லாம் சாயந்தரம் பாத்துக்கலாம், தூங்கு," என்றாள் நர்ஸ், சன்னல் திரையை இழுத்துவிட்டபடி.

டனீஷாவுக்குத் தலை பிளந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. குழந்தை பிறந்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை.

இது அலுப்பு இல்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் அவளைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்? கறுப்பினப் பெண்களுக்குப் பேறுகாலத்தில் துணை நிற்பதுதான் அவள் தொழில். இதே தலைவலியை மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் "தூங்கு" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, தூங்கினவள் எழுந்திருக்காமலே போனாள் அவளுடைய சித்தி மகள் ரெனே.

அதற்குப் பிறகு வந்ததுதான் சனிக்கிழமை வகுப்பு. கர்ப்பிணிகள் அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார்கள். ஒரே பாடத்தை உருப்போட வைப்பாள். குரலை உயர்த்தாதே. நாம் குரலை உயர்த்தினால் வலி ஆஸ்பத்திரிக்காரர்கள் காதில் விழாது, கோபம்தான் விழும். சோதிக்க மாட்டேன் என்றால், அதை ஃபைலில் எழுதச் சொல்.

நாற்பது பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்போது நாக்கு குழறியது. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

மூலையில் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான் அவள் கணவன் ஜரெல். நல்லவன்தான். ஆனால் வகுப்பு தொடங்கினால் சமையலறைக்குள் போய்விடுவான். வந்தவர்களுக்குக் கெளுத்தி மீன் பொரிப்பது அவன் பொறுப்பு. அதுவும் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. நாலு துண்டு மீனுக்கு ரெண்டு மணி நேரமா என்று அவள் ஏசாத சனிக்கிழமை கிடையாது.

இவனிடம் என்னத்தை எதிர்பார்ப்பது? அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

நர்ஸ் கதவில் கை வைத்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றான் ஜரெல். குரல் உயரவில்லை. "எம் பொண்டாட்டி தலை வலிக்குதுன்னு சொன்னா. கண்ல பூச்சி பறக்குதுன்னு சொன்னா. பிரஷர் இப்பப் பாக்க மாட்டேன்னு நீங்க சொன்னதை, மணியும் உங்க பேரும் போட்டு அவ ஃபைல்ல எழுதுங்க. எழுதினதை நான் பாக்கணும்."

ஒரு சொல் பிசகவில்லை. அத்தனையும் டனீஷாவின் பாடம்.

நர்ஸின் கை கதவிலிருந்து இறங்கியது. பிரஷர் பட்டையை எடுத்து வந்து சுற்றினாள். ஏறியிருந்த எண்ணைப் பார்த்தாள். டாக்டரை அழைக்க ஓடினாள்.

ஊசி ஏறி, மருந்து இறங்கி, சாயங்காலம் தலை தன் தலையாக ஆனபோது டனீஷா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"எண்ணெய்ச் சத்தத்துல நான் பேசுறது ஒண்ணுமே கேக்கலன்னு நீதானே சொல்லுவ?"

"கேக்காதுதான்." ஜரெல் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். "அதான், நீ பேச ஆரம்பிச்சதும் அடுப்பை அணைச்சிருவேன்."