பொன் கேட்காத சம்பந்தி

"தோட்டையும் கழட்டு, சீக்கிரம்" என்றார் ராயப்பராஜ்.

அவர் மனைவி அமலராணி கண்ணாடி முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். வளையலும் சங்கிலியும் கவரிங், போனால் போகட்டும். அந்த வீட்டில் உருப்படியான தங்கம் இந்தத் தோடு ஒன்றுதான்.

அடகுக் கடைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ராயப்பராஜ் இப்போது சபைக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் ஜெபமாலை சொன்ன ஆர்.சி. கத்தோலிக்கக் குடும்பம், ஈஸ்டர் முடிந்த கையோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரில் முங்கி எழுந்துவிட்டது. காரணம் கேட்ட பங்குச் சாமியாரிடம், "ஆவியானவர் கூப்பிட்டாரு சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

உண்மையில் கூப்பிட்டவர் கல்யாணத் தரகர். நிலக்கோட்டை பூ வியாபாரி சார்லஸுக்கு ஒரே பையன் ரொனால்டு, தங்கமான பிள்ளை, சபைக் குடும்பம் என்றார். அந்தச் சபையில் நகை போடுவதும் பூ வைப்பதும் பாவம். மகள் ஐரினுக்குக் குன்றிமணித் தங்கம் சேர்க்க வழியில்லாத ராயப்பராஜுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மகளும் கரையேறுவாள், பரலோகமும் கிடைக்கும்.

வாசலில் கார் வந்து நின்றது. "ஸ்தோத்திரம் பிரதர்!" என்று தெருவுக்கே கேட்கும்படி வரவேற்றார். சார்லஸ் சிரித்தபடி தலையை ஆட்டினார். அவர் மனைவி மரியசெல்விக்குக் கழுத்து வெறுமை. காதுத் துளையில் மட்டும் சின்னதாக ஒரு வேப்பங்குச்சி.

"பாத்தியா, காதுல குச்சியோட வந்திருக்காக. என்னா எளிமை!" என்று ராயப்பராஜ் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

ஐரின் காபித் தட்டோடு வந்தாள். பூ வியாபாரி வீட்டுக்கு வாழப் போகிறவள் தலையில் ஒரு முழம் மல்லிகை இல்லை. ஆனாலும் ரொனால்டு வைத்த கண் வாங்கவில்லை, அவளும் வெட்கப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"எங்களுக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு" என்றாள் மரியசெல்வி. அமலராணிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் நல்லா இருந்தால் போதும், தோடு என்ன பெரிய தோடு என்று தோன்றியது.

ராயப்பராஜ் தொண்டையைச் செருமினார். "பொன்னு பொருளெல்லாம் நமக்கு எதுக்கு பிரதர்? வேதம் வேணாங்குது, நாமளும் வேணாங்குறோம்."

சார்லஸ் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடடா, எங்களுக்காகவா சம்பந்தி எல்லாத்தயும் கழட்டிட்டு நிக்கிறீக?"

"பின்ன?"

"நீங்க ஆர்.சி.ன்னு தரகர் சொன்ன அன்னைக்கே நாங்களும் கோயிலுக்கு மாறிட்டோம், பொண்ணுக்கு ஆச தீரப் போடுங்க!"